கண்ணாடி அலமாரிக் கோப்பைகள்

(விழா ஆயத்தக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தரப்படுகிறது.)



நம் ஆலயத்தின் வரலாற்றை உபதேசியார் நன்றாக எழுதியிருக்கிறார். கோபுரம் எழும்பிய கதையும், மணி வந்து சேர்ந்த கதையும், கட்டட நிதிக்காக நம் முன்னோர் பட்ட பாடும் அதில் இருக்கின்றன. அவற்றை மறுபடியும் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க நாம் விரும்பவில்லை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்குச் சிரிப்பை உண்டாக்கலாம். உங்கள் வீட்டு முன்னறையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று நிற்கிறதே, அதனுள் அடுக்கி வைத்திருக்கும் பீங்கான் கோப்பைகளைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

இந்த விழா ஆண்டில் பங்கிலுள்ள எல்லா வீடுகளையும் சந்தித்து மந்திரித்து முடித்தோம். ஓலை வீடானாலும் மாடி வீடானாலும் வரவேற்பு ஒன்றுபோலவே இருந்தது. ஜெபம் முடிந்து நாம் நாற்காலியில் அமர்ந்ததும், உள்ளேயிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்கும்: "சாமிக்கு அந்தக் கோப்பையில ஊத்திக் குடு." உடனே சாவியைத் தேடுவார்கள். சாவி பெரும்பாலும் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் இருக்கும். கதவு திறக்கும். கோப்பையை முந்தானையால் துடைத்துத் தேநீர் வரும். சில வீடுகளில் பூச்சி உருண்டை வாசமும் கூடவே வரும். வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்று எமது கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். குருவானவர் மேல் உள்ள பயபக்தி என்று முதலில் நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, அவர்களுடைய பயம் கோப்பைக்காக. அவர்களோ எவர்சில்வர் தம்ளரில் குடித்தார்கள். வீட்டுத் தலைவரும் அப்படியே. தாய்மார்கள் எதில் குடித்தார்கள் என்று நாம் ஒருநாளும் பார்த்ததில்லை. அடுப்படியில் மிஞ்சியதை எதிலாவது ஊற்றிக் குடித்திருப்பார்கள்.

ஆக, இந்தப் பங்கிலுள்ள பீங்கான் கோப்பைகளை அவற்றின் சொந்தக்காரர்களைவிட நாமே அதிகம் அனுபவித்திருக்கிறோம். கொழும்பிலிருந்து தோணியில் வந்தவை, மஸ்கட்டிலிருந்து மகன் சுமந்து வந்தவை, பேத்தியின் கலியாணத்துக்கு யாரோ கொடுத்து இன்னும் பெட்டி பிரிக்காதவை என எல்லாவற்றிலும் குடித்தாயிற்று. இது எமக்கு ஒரு கடனாகவே தோன்றுகிறது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் இந்தப் பேச்சு.

எமது வீட்டிலும் இதே கதைதான். 1962இல் எமது தாயாரின் திருமணத்துக்கு, கொழும்பில் கடை வேலை பார்த்த மாமா ஒரு தேநீர் செட் கொண்டுவந்தார். ஆறு கோப்பை, ஆறு சாசர், மூக்கு வைத்த தேநீர்க் குடுவை, பால் சாடி, சீனிக் கிண்ணம். வெள்ளை நிறம், நீலப் பூ, விளிம்பில் பொன் கோடு. அடியில் ஜப்பானில் செய்தது என்று பொறித்திருக்கும். நாங்கள் பிள்ளைகள் ஐந்து பேர். அந்தக் கோப்பையில் ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை. எமது குருப்பட்ட நாளன்று ஆயரும் விருந்தினரும் குடித்தார்கள். அன்று தாயார் ஒவ்வொரு கோப்பையாகக் கழுவித் துடைத்து, எண்ணி வைத்துப் பூட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. 2009இல் அவர்கள் காலமானபோது சகோதரிகள் வெண்கலப் பானையையும் எவர்சில்வர் பாத்திரங்களையும் பிரித்துக்கொண்டார்கள். பீங்கான் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. "ஒடைஞ்சு போற பொருள், நீங்களே வச்சுக்குங்க" என்று எம்மிடம் கொடுத்துவிட்டார்கள். நாற்பத்தேழு ஆண்டுகள் வீட்டிலிருந்த அந்தக் கோப்பைகளில் எமது தாயார் ஒருமுறையாவது தேநீர் குடித்தார்களா என்று சகோதரிகளைக் கேட்டோம். ஒருவருக்கும் நினைவில்லை.

இதிலிருந்து பாடம் கற்றோம் என்று நினைப்பீர்கள். இல்லை. அப்போது நாம் வேறொரு பங்கில் பணியாற்றினோம். அந்தப் பங்கு இல்லத்து அலமாரியில் செட்டை வைத்துப் பூட்டினோம். ஆயர் வருகைக்கு ஒருமுறை, வட்டார முதன்மைக் குரு வந்தபோது ஒருமுறை, அவ்வளவுதான் அது வெளியே வந்தது. தாயாரின் நினைவு என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

ஒரு மழைக்காலம். அடக்கச் சடங்கு ஒன்று முடிந்திருந்தது. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் பெரியவர் கூலிக் கணக்கு முடிக்கப் பங்கு இல்லத்தின் பின்கட்டுக்கு வந்திருந்தார். நனைந்துபோயிருந்தார். தேநீர் கொடுக்கச் சொன்னோம். சமையல் பார்த்த அம்மா, ஜன்னலுக்கு வெளியே கம்பியில் கவிழ்த்து மாட்டியிருந்த நெளிந்த அலுமினியத் தம்ளரை எடுத்து, தண்ணீர் விட்டு அலசி, அதில் ஊற்றினார்கள். குடித்து முடித்ததும் அந்தப் பெரியவரே குழாயில் கழுவி மறுபடியும் கம்பியில் மாட்டினார். அது யாருடைய தம்ளர் என்று கேட்டோம்.

"அது அவருக்குன்னே போட்டு வச்சிருக்கு, சாமி. முந்துன சாமி காலத்துலயிருந்தே இருக்கு."

நாம் அந்த வீட்டில் குடியேறி இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஜன்னலைத் தினமும் கடந்து போயிருக்கிறோம். ஒரே பந்தி, ஒரே அப்பம் என்று பீடத்திலிருந்து எத்தனை ஞாயிறு பிரசங்கித்திருப்போம்! தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி 1955இலேயே சட்டம் வந்துவிட்டது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையைக் கண்டித்துப் பேசும்போது கைதட்டுகிறோம். எமது சொந்தப் பின்கட்டில் ஒரு குவளை தொங்கியது எமது கண்ணுக்குப் படவில்லை. சமையல் அம்மாவைக் குறை சொல்ல எமக்கு நாக்கு எழவில்லை. அலமாரிக்குள் ஆயருக்கென்று ஒரு கோப்பை, மேசையில் எமக்கென்று ஒரு தம்ளர், ஜன்னலில் அவருக்கென்று ஒன்று. அந்த வரிசையின் மேல்படியை வைத்தவர் நாமே அல்லவா?

அடுத்தமுறை அவர் வந்தபோது முன்னறைக்கு அழைத்தோம். இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தோம்.

"வேண்டாம் சாமி, கையெல்லாம் மண்ணு."

"கழுவிட்டு வாங்க."

"ஒடைஞ்சிரும் சாமி."

"ஒடைஞ்சா இன்னும் அஞ்சு இருக்கு. உக்காருங்க."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தேநீரைச் சாசரில் ஊற்றி, ஆற்றி, உறிஞ்சிக் குடித்தார். எமது பாட்டனார் அப்படித்தான் குடிப்பார். பார்த்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. நாமும் சாசரில் ஊற்றினோம். குடித்து முடித்ததும் அவர் வெறுங்கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "சாமி, வெரலு தெரியுதே!" என்றார். ஆம், நல்ல பீங்கானுக்கு அதுதான் அடையாளம். பின்புறம் பிடித்த விரலின் நிழல் முன்புறம் தெரியும். அந்தக் கோப்பைகளை வைத்திருந்த நமக்கு அது அன்றுவரை தெரியாது. பிறகு, வாழ்நாள் முழுவதும் மண்ணை வெட்டிய அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்டார்: "இது என்ன மண்ணு, சாமி?"

எமக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்துத்தான் சொன்னோம். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம்.

பீங்கான் சீனத்தார் கண்டுபிடித்தது. நம் சொல் பாரசீக மொழியிலிருந்து வந்ததாக அகராதி கூறுகிறது. வணிகர்கள் பொருளோடு பெயரையும் கொண்டுவந்திருக்க வேண்டும். நம் இராமநாதபுரம் கடற்கரைப் பெரியபட்டினத்தில் அகழ்ந்தபோது 13, 14ஆம் நூற்றாண்டுகளின் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. ஆகவே கொழும்பு மாமாவுக்கு வெகுகாலம் முன்பே நம் கரைக்கு இந்தச் சரக்கு வந்திருக்கிறது. ஐரோப்பியரோ இதை எப்படிச் செய்வது என்று தெரியாமல் நூற்றாண்டுக் கணக்கில் திண்டாடினார்கள். சீனாவில் இதற்குப் பேர்போன ஊர் ஜிங்தெசென். அங்கே பணியாற்றிய பிரெஞ்சுக்காரரான சேசு சபைக் குரு தாந்த்ரகோல் அடிகளார், 1712இலும் 1722இலும் எழுதிய இரு நீண்ட கடிதங்களில் அந்தத் தொழிலை விவரித்தார். அந்த வேலையில் இருந்த அவருடைய கிறிஸ்தவர்களே அவருக்கு விவரம் சொன்னவர்கள். அந்தக் கடிதங்கள் வெளியான அதே தொகுப்பு வரிசையில்தான் நம் மதுரை மிஷன் குருக்களின் கடிதங்களும் வெளிவந்தன. வீரமாமுனிவர் தமிழகத்தில் பணி தொடங்கிய காலமும் அதுவே. (ஓர் ஊராரின் தொழில் நுணுக்கத்தை இப்படி எழுதி அனுப்பியது முறைதானா என்று எமக்கு ஐயம் உண்டு. அது வேறு பேச்சு.)

இரண்டு பொருள் வேண்டும் என்கிறார் அவர். ஒன்று கயோலின் என்னும் வெண்களிமண். ஜிங்தெசென் அருகிலுள்ள குன்றின் பெயரே அதற்குப் பெயராயிற்று. மற்றொன்று, இடித்துப் பொடியாக்கிய ஒருவகைக் கல். கல் உருகிக் கண்ணாடிபோல் ஆகும். களிமண் உருகாமல் தாங்கி நிற்கும். கல்லை மட்டும் வாங்கிப்போய்ச் செய்து பார்த்துத் தோற்ற ஐரோப்பியரைக் கண்டு, எலும்பில்லாமல் சதையை வைத்தே உடம்பு செய்யப் பார்த்தார்கள் என்று ஒரு சீன வணிகர் சிரித்தாராம். ஏறக்குறைய 1,300 பாகை வெப்பத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. நம் குயவர் சூளை அவ்வளவு சூடு ஏறாது. அதனால்தான் மண்பானை நீரைக் கசிய விடுகிறது, பீங்கான் விடுவதில்லை. பிற்பாடு இங்கிலாந்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சுட்ட மாட்டெலும்பின் சாம்பலைப் பாதியளவு சேர்த்து இன்னொரு வகை செய்தார்கள். உங்களில் சிலருடைய வீட்டில் பாலேட்டு நிறத்தில் இருப்பது அந்த வகை.

அடிகளார் கடிதத்தில் எம்மைத் தொட்டவை இரண்டு செய்திகள். ஒரு பாத்திரம் உருவாகி முடிவதற்குள் எழுபது பேர் கைகளைக் கடக்கிறதாம். ஒருவர் விளிம்பில் கோடு மட்டும் இழுப்பார், ஒருவர் பூவின் ஓரத்தை வரைவார், மற்றொருவர் நிறம் நிரப்புவார். அந்த ஊரில் கண் தெரியாதவர்களும் கால் ஊனமுற்றவர்களும்கூடப் பட்டினி கிடப்பதில்லை. உட்கார்ந்து வண்ணம் அரைத்துப் பிழைத்தார்கள். நாம் இதைச் சொன்னபோது குழி வெட்டும் பெரியவர் கோப்பையின் நீலப் பூவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு தெரியாதவன் அரைச்ச நீலமா இது?" என்றார். இது ஜப்பானியக் கோப்பை, அது சீனம் என்று திருத்த வாயெடுத்தோம். பிறகு பேசாமல் இருந்துவிட்டோம்.

இன்னொரு கதையும் உண்டு. சாக்சனி நாட்டை ஆண்ட அகஸ்டஸ் என்பவருக்குப் பீங்கான் பைத்தியம். ஐரோப்பாவில் முதன்முதலாக அசல் பீங்கான் செய்யும் வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் அவருடைய ஆட்களே. 1710இல் மைசன் என்ற ஊரில் அதற்குத் தொழிற்சாலையும் வைத்தார். அப்படியும் ஆசை அடங்கவில்லை. 1717இல், தம் படையிலிருந்து 600 குதிரை வீரர்களைப் பிரஷ்ய அரசருக்குக் கொடுத்துவிட்டு, 151 சீனப் பீங்கான் பாத்திரங்களை வாங்கிக்கொண்டார். அவற்றில் பெரிய ஜாடிகள் சிலவற்றை இன்றும் டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்த அறுநூறு பேரை எங்கே போய்ப் பார்ப்பது? ஒரு பாத்திரத்துக்கு நான்கு மனிதர்! நாம் சிரிக்கிறோம். ஆனால் ஒரு கோப்பை கைதவறியதற்காக எட்டு வயதுப் பிள்ளையை விளக்குமாற்றால் அடித்ததையும், வீட்டு வேலை செய்யும் பெண்ணின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டதையும் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அங்கே விலை என்ன என்று கணக்குப் பாருங்கள்.

எவர்சில்வர் தம்ளரை அண்ணாந்து குடிக்கலாம். பீங்கான் கோப்பையில் அது முடியாது. உதடு பட்டே தீரும். அதனால்தானோ என்னவோ, பழைய ஆசாரக்காரர் பலர் பீங்கானை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கித் 'தீட்டு' போக்கலாம், பீங்கானுக்கு அப்படிச் சுத்தி இல்லை என்பது அவர்கள் எண்ணம். ஆனால் உண்மை என்ன? நன்றாக வெந்து கண்ணாடியாகிப்போன பீங்கான் எதையும் உறிஞ்சாது. தண்ணீரையே உறிஞ்சாத பொருள் தீட்டை எங்கே உறிஞ்சும்? இந்தப் பங்கின் வீடுகளுக்கு வந்தபோது நாம் முன்னறை அலமாரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். மாட்டுக் கொட்டில் இறவாரத்தில் செருகியிருந்த தம்ளர்களையும் பார்த்தோம். எத்தனை வீடு என்று சொல்லமாட்டோம். எண்ணி வைத்திருக்கிறோம்.

இந்த ஆலயத்தில் இருப்பதிலேயே விலை உயர்ந்த பாத்திரம் எது என்று மறைக்கல்விப் பிள்ளைகளைக் கேட்டோம். பூசைப் பாத்திரம் என்றார்கள். உள்ளே பொன் முலாம் பூசியது. அதை ஆயர் வரும் நாளுக்கென்று பூட்டி வைக்கிறோமா? விடியற்காலைத் திருப்பலிக்கு நான்கு பாட்டிமார் மட்டும் வந்தாலும் அதே பாத்திரம்தான் பீடத்துக்கு வருகிறது. தினமும் கழுவுகிறோம், தினமும் துடைக்கிறோம். ஆனபடியால்தான் அது மங்குவதில்லை.

இனி தாய்மார்களுக்கு. "சாமி சொல்லிட்டுப் போயிருவாங்க, ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்று முணுமுணுப்பது கேட்கிறது. எமது செட்டில் முதல் கோப்பையை உடைத்தவர் குழி வெட்டும் பெரியவர் அல்லர்; நாமே. சோப்புக் கையோடு குழாயடியில் வைத்து உடைத்தோம். அன்றுமுதல் சில விஷயங்களைக் கற்றுக்கொண்டோம். கல் தொட்டியில் கழுவாதீர்கள். பிளாஸ்டிக் தொட்டியில் அடியில் துணி விரித்துக் கழுவுங்கள். பொன் கோட்டில் கம்பி நாரும் சாம்பலும் படக்கூடாது, கோடு போய்விடும். தேநீர்க் கறைக்குச் சமையல் சோடாவை ஈரத்துணியில் தொட்டு மெல்லத் தேய்த்தால் போதும். கோப்பைக்குள் கோப்பையை அடுக்கினால் விளிம்பு பெயரும். அலமாரியில் நெடுநாள் சில்லென்று கிடந்ததில் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். முதலில் வெந்நீர் கொஞ்சம் விட்டு அலசுங்கள். பொன் கோடு உள்ளதை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவே கூடாது, பொறி பறக்கும். விரல் நகத்தால் சுண்டிப் பாருங்கள்: மணிபோல் ஒலித்தால் நலம், சொத்தென்று கேட்டால் எங்கோ கீறல் உண்டு. அதைப் பூ வைக்க எடுத்துக்கொள்ளுங்கள். மிகப் பழைய, வண்ணம் தீட்டிய பாத்திரங்களில் புளிக்குழம்பும் எலுமிச்சை ஊறுகாயும் வைக்க வேண்டாம். அக்காலப் பூச்சுகளில் ஈயம் இருப்பதுண்டு, புளிப்பு அதை இறக்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, தம்ளரே போதாதா என்பீர்கள். ஒரு நாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின், உங்களுக்கென்று அதில் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். வெள்ளைக்குள் தேநீரின் நிறம் தெரியும். எவர்சில்வரில் அதை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். மெல்லிய விளிம்பு உதட்டைச் சுடாது. கோப்பை சிறியது, காதில் ஒரு விரல்தான் நுழையும். நின்றுகொண்டே மடமடவென்று குடிக்க விடாது. உட்கார்ந்துதான் ஆகவேண்டும். எமது தாயார் நாற்பத்தேழு ஆண்டுகளில் அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் எமக்கு இந்தப் பேச்சே தேவைப்பட்டிராது.

செட்டில் இப்போது நான்கு கோப்பைகள் மிச்சம். இன்னொன்று காது போய், பங்கு அலுவலக மேசையில் பேனா தாங்கி நிற்கிறது. பங்கு இல்லத்துக்கு யார் வந்தாலும் அந்த நான்கில்தான் தேநீர்; ஐந்தாவது ஆள் வந்தால் முதல் ஆள் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. விழாத் திருப்பலிக்குப் பின் எல்லாருக்கும் தேநீர் உண்டு. காகிதக் கோப்பை வாங்குவதில்லை என்று பேரவை தீர்மானித்துள்ளது. ஒருவர் மட்டும் சம்மதிக்கவில்லை, அவருடன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு வீட்டாரும் அலமாரியிலிருந்து இரண்டு கோப்பைகளை முந்தின நாள் மாலைக்குள் கோயில்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும். அடியில் வீட்டுப் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள், திரும்ப எடுத்துப் போக அது உதவும். மேலே பெயர் இருக்கக் கூடாது. எல்லாக் கோப்பைகளையும் ஒரே நீள மேசையில் கலந்து வைப்போம். வடக்குத் தெருக் கோப்பையில் தெற்குத் தெருக்காரர் குடிப்பார், தெற்குத் தெருக் கோப்பையில் வடக்குத் தெருக்காரர் குடிப்பார். கவிழ்த்துச் சீட்டைப் பார்த்துவிட்டுக் குடிக்க யாருக்கும் அனுமதியில்லை. வீட்டில் பீங்கான் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம், உள்ள தம்ளரைக் கொண்டுவாருங்கள்; அதுவும் அதே மேசைக்கு வரும். இறவாரத்தில் இருப்பதையும் கொண்டுவரலாம். அந்தத் தம்ளரில் நாம் குடிக்கிறோம்.

கழுவும் பொறுப்பு இளைஞர் இயக்கத்தாருடையது. இரண்டு பிளாஸ்டிக் தொட்டியும் பழைய வேட்டித் துணியும் வாங்கி வைத்தாயிற்று.